ஐவரியா, ஆஃப் ஒயிட்டா? முதலில் பல்பைப் பாருங்கள்

பெயிண்ட் கடையில் ஷேட் கார்டை விரித்து வைத்துக்கொண்டு நிற்கும் குடும்பங்கள் பல, சுற்றிச் சுற்றிக் கடைசியில் வந்து சேர்வது இந்த இரண்டு கட்டங்களில்தான். பிஸ்தா பச்சை, வெளிர் நீலம், பீச் எல்லாவற்றையும் பார்த்து, "நாலு சுவரும் இதே கலர்னா கண்ணைக் குத்துமே" என்று தள்ளிவிட்டு, "சரி, லைட்டாவே போயிடலாம்" என்று முடிவான பிறகு மிஞ்சுவது ஐவரியும் ஆஃப் ஒயிட்டும். கார்டில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும். விரலை எடுத்தால் எது எது என்று மறந்துவிடும். பெயிண்டரைக் கேட்டால், "ரெண்டும் ஒண்ணுதான் சார், காய்ஞ்சா வித்தியாசமே தெரியாது" என்பார். ஈரமாக இருக்கும்போது வேண்டுமானால் அது சரி. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் பெயிண்ட் காயக் காய ஒரு சாயல் அடர்ந்து வரும். இந்த இரண்டும் பிரிந்து நிற்பது அப்போதுதான்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. வெள்ளை பேஸ், அதற்கு வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடு. அதில் மஞ்சள் ஆக்சைடு கொஞ்சம், சில சமயம் சிவப்பு ஆக்சைடு ஒரு துளி விழுந்தால் ஐவரி. மஞ்சளை இன்னும் குறைத்து, கருப்போ பழுப்போ மிகச் சிறிதளவு சேர்த்தால் ஆஃப் ஒயிட். ஐவரி வெள்ளையிலிருந்து மஞ்சளை நோக்கி நகர்ந்தது, ஆஃப் ஒயிட் சாம்பலை நோக்கி நகர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இது ஒன்றும் புதிய சங்கதியும் இல்லை. சுண்ணாம்பு அடித்த காலத்தில் நீலம் கரைத்து ஊற்றி வெள்ளையைத் தூக்கிக் காட்டுவார்கள். மஞ்சள் பொடி போட்டால் அதே சுண்ணாம்பு கிரீம் நிறத்துக்குப் போகும். இன்று அந்த வேலையைக் கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் செய்கிறது.

ஆனால் பெயரை மட்டும் நம்பி டப்பா வாங்க முடியாது. ஏஷியன் பெயிண்ட்ஸ், பெர்ஜர், நெரோலாக், நிப்பான் என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஐவரி, ஒரு ஆஃப் ஒயிட். ஒன்றின் ஐவரி இன்னொன்றின் கிரீமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஜெர்மனியின் ரால் என்ற நிற அட்டவணையில் ஐவரிக்கு 1014, லைட் ஐவரிக்கு 1015 என்று எண்ணே உண்டு. அந்த ஊர் டாக்சிகளுக்கு 1971-இல் கட்டாயமாக்கிய நிறம் இந்த 1015தான். நம் கடையில் ஐவரி என்று கொடுப்பதற்குப் பக்கத்தில் அந்த 1014-ஐ வைத்தால் அது மணல் நிறமாகத் தெரியும். ஆஃப் ஒயிட் என்ற பெயருக்கு அந்த அளவு பிடிமானம்கூடக் கிடையாது. அதனால் கார்டில் பெயரை விரலால் மூடிவிட்டு, கட்டத்துக்குப் பக்கத்தில் வெள்ளை ஏ4 தாள் ஒன்றை வையுங்கள். மஞ்சள் தெரிந்தால் ஐவரி வகை. அழுக்கு வெள்ளை மாதிரி சாம்பல் தெரிந்தால் ஆஃப் ஒயிட் வகை. சில ஆஃப் ஒயிட்டுகளில் இளஞ்சிவப்போ பச்சையோ ஒளிந்திருக்கும். தாள் அதையும் காட்டிக்கொடுத்துவிடும்.

கடையில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "எது ரூமை வெளிச்சமாகக் காட்டும்?" சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு எல்.ஆர்.வி. என்றொரு அளவு இருக்கிறது. முழுக் கருப்பு 0, முழு வெள்ளை 100. ஐவரி, ஆஃப் ஒயிட் இரண்டும் மேல்தட்டில் பக்கத்துப் பக்கத்தில்தான் வரும். ஐந்தாறு புள்ளி வித்தியாசம் சுவரில் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்தால் அதைவிட அதிக வெளிச்சம் கிடைக்கும். ஆகவே வெளிச்சக் கணக்கில் இரண்டும் சமம் என்று எழுதிவிட்டு மேலே போகலாம். சண்டை முழுக்க நிறத்தின் சாயலில்தான்.

அந்தச் சாயலைத் தீர்மானிப்பது எது என்றால், பெயிண்டைவிட பல்புதான் என்பேன்.

எல்.இ.டி. பல்பு அட்டைப் பெட்டியில் 3000கே, 4000கே, 6500கே என்று ஒளியின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண் ஒன்று அச்சிட்டிருக்கும். 2700-இலிருந்து 3000 வரை வார்ம் ஒயிட், பழைய குண்டு பல்பின் மஞ்சள். 4000 நடுவாந்தரம். 6500 கூல் டேலைட், நீலம் கலந்த வெள்ளை. நம் வீடுகளில் டியூப்லைட் என்றால் கேட்காமலே 6500தான் கொடுப்பார்கள். நாமும் "நல்லா பளிச்சுனு இருக்கு" என்று வாங்கி வருவோம்.

இதைச் சோதித்துப் பார்ப்பது சுலபம். இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை இரண்டு எடுத்து, பிரைமர் அடித்து, ஒன்றில் ஐவரி, ஒன்றில் ஆஃப் ஒயிட், இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ராத்திரி ஜன்னலை மூடிவிட்டு 3000 பல்பை மட்டும் போடுங்கள். ஐவரிப் பலகை வெண்ணெய் நிறத்தைத் தாண்டி மஞ்சளுக்கே போய்விடும். ஆஃப் ஒயிட்டோ, நாம் மனதில் ஐவரி என்று நினைத்து வைத்திருக்கும் அந்த இளஞ்சூட்டு நிறத்தில் நிற்கும். இப்போது அதை அணைத்துவிட்டு 6500 டியூப்லைட். ஐவரியின் மஞ்சளை நீல ஒளி அமுக்கி, அது அமைதியான கிரீமாக மாறும். மட்டமான டியூப்லைட்டாக இருந்தால் ஓரத்தில் லேசாகப் பச்சை ஓடும். ஆஃப் ஒயிட் அங்கே ஆஸ்பத்திரி வராந்தா ஆகிவிடும். சாம்பலும் நீலமும் சேர்ந்தால் வேறென்ன வரும்? 4000 பல்பில் இரண்டுமே பதவிசாக இருக்கும். கார்டில் பார்த்த நிறத்துக்குக் கிட்டத்தட்ட வருவதும் அதில்தான்.

கணக்கு இவ்வளவுதான்: மஞ்சள் பல்பு போடும் வீட்டுக்கு ஆஃப் ஒயிட், வெள்ளை டியூப்லைட் எரியும் வீட்டுக்கு ஐவரி. பார்க்கப்போனால் பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். "வார்மா இருக்கணும்" என்று ஐவரி அடித்து, ஃபால்ஸ் சீலிங்கில் மஞ்சள் ஸ்ட்ரிப் லைட்டும் ஓட்டி, சாயங்காலம் ஆனால் ஹாலே மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி ஆகிவிடுகிறது. அல்லது "மாடர்னா இருக்கணும்" என்று ஆஃப் ஒயிட் அடித்து, பழைய 6500 டியூப்லைட்டை அப்படியே மாட்டி, "என்னமோ வெறிச்சுனு இருக்குங்க" என்று குறைப்படுவது. இந்த இரண்டாவது குறைக்குச் சுவரைத் தொடவே வேண்டாம். பல்பை மாற்றினால் போதும், செலவும் சில நூறு ரூபாய்தான். சுவிட்சைத் தட்டத் தட்ட மூன்று நிறம் மாறும் பேனல் லைட் இப்போது நிறைய வீடுகளில் இருக்கிறது. அங்கே ஆஃப் ஒயிட்தான் பாதுகாப்பு. மூன்று நிறத்தில் இரண்டிலாவது நன்றாக இருக்கும். ஐவரி அந்த மஞ்சள் ஒளியில் எல்லை தாண்டிவிடும்.

பகல் வெளிச்சம் வேறு கதை. வெளிநாட்டு வீடியோக்களில், வடக்கு பார்த்த அறை குளிர்ச்சியாக, நீலமாக இருக்கும், அதனால் மஞ்சள் சாயல் அடியுங்கள் என்று சொல்வார்கள். லண்டனுக்கும் டொரன்டோவுக்கும் அது பொருந்தும். சென்னை இருப்பது 13 டிகிரி வட அட்சத்தில். ஏப்ரல் 24 வாக்கில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பிறகு ஆகஸ்ட் 18 வாக்கு வரை உச்சிப்பொழுதில் வடக்குப் பக்கம்தான் நிற்கும். கன்னியாகுமரியில் இது இன்னும் சீக்கிரமே தொடங்கி செப்டம்பர் தொடக்கம் வரை நீளும். உச்சி வெயிலை சன்ஷேடு தடுத்துவிடும். ஆனால் கத்திரி வெயில் காலத்தில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வாக வெயில் உள்ளே வரத்தான் செய்யும். மார்கழியில் தெற்கு ஜன்னலுக்கு அந்த யோகம். எனவே திசையை மட்டும் வைத்து நிறம் சொல்லும் ஆலோசனையை நம் ஊரில் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. மேற்கு மட்டும் விதிவிலக்கு. நான்கு மணி வெயில் நேராக அடிக்கும் மேற்கு அறையில் ஐவரி அடித்தால் ஆரஞ்சாகப் பற்றிக்கொள்ளும். ஏற்கெனவே வெக்கையான அறை, பார்வைக்கும் வெக்கையாக இருக்கும். அங்கே ஆஃப் ஒயிட் போதும்.

திசையைவிட நம் ஊரில் பெரிய விஷயம் பக்கத்து வீட்டுச் சுவர். நகரத்து மனைகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஐந்தாறு அடிதான். பெட்ரூமுக்குள் வரும் வெளிச்சம் வானத்திலிருந்து நேரே வருவதில்லை, அந்தச் சுவரில் பட்டுத்தான் வருகிறது. அவர்கள் கிளிப்பச்சை அடித்திருந்தால் உங்கள் ஆஃப் ஒயிட்டிலும் ஒரு பச்சை நிழல் விழும். ஐவரியில் அதே பச்சை விழுந்தால் எலுமிச்சை வெளுப்பு, அது இன்னும் மோசம். ரோஸ் நிறச் சுவர் என்றால் ஐவரி பீச் நிறத்துக்குப் போய் ஒருவிதத்தில் அழகாகவே இருக்கும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரமோ மாமரமோ இருந்தாலும் பச்சைக் கணக்கேதான். பலகையை அந்த அறையிலேயே, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சாய்த்து, காலை, மதியம், விளக்கு வைத்த பிறகு என்று பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். கடை வாசலில் வெயிலில் பிடித்துப் பார்த்தால் உங்கள் பெட்ரூமைப் பற்றி ஒன்றும் தெரியாது.

இன்னொன்று. நான்கு சுவரும் ஒன்றின் ஒளியை ஒன்று வாங்கித் திருப்பி அனுப்புவதால் நிறம் ஏறிக்கொண்டே போகும். கார்டில் பார்த்த ஐவரி, பத்துக்குப் பத்து அறையில் ஒரு படி அடர்ந்து தெரியும். ஐவரிதான் என்று முடிவு செய்துவிட்டால், கார்டில் பிடித்ததற்கு மேலே இருக்கும் வெளுப்பான கட்டத்தை எடுங்கள். ஆஃப் ஒயிட்டுக்கு இந்தச் சிக்கல் குறைவு.

அடுத்தது தரை. வெளிச்சம் தரையில் பட்டுச் சுவருக்கு ஏறுகிறது, அதுவும் சுவரின் கீழ்ப் பாதிக்கு நிறையவே. இரண்டுக்கு இரண்டு ஐவரி விட்ரிஃபைடு டைல்ஸ் பதித்த ஃபிளாட்டுகள் கணக்கில்லாமல் இருக்கின்றன. அதன் மேல் ஐவரிச் சுவர் என்றால் தரைக்கும் சுவருக்கும் எல்லையே தெரியாது. அதைவிடத் தொல்லை, இரண்டு ஐவரியும் ஒரே ஐவரியாக இருக்காது. டைல்ஸில் இளஞ்சிவப்பு ஓடும், சுவரில் மஞ்சள் ஓடும், ஸ்கர்ட்டிங் ஓரத்தில் இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். அங்கே ஆஃப் ஒயிட் அடித்தால் தரை தரையாகவும் சுவர் சுவராகவும் இருக்கும். பழைய வீட்டுச் சிவப்பு ஆக்சைடு தரைக்கும் என் வாக்கு ஆஃப் ஒயிட்டுக்குத்தான். தரையே போதுமான சூட்டை மேலே அனுப்புகிறது. செட்டிநாட்டு வீடுகளின் ஆத்தங்குடிக் கல் மாதிரி பல நிறம் உள்ள தரைக்கும் அதுவே. கடப்பா, சாம்பல் கிரானைட், சிமென்ட் நிற டைல்ஸ் என்று தரை குளிர்ந்திருந்தால் மட்டும் ஐவரி கைகொடுக்கும். ஆஃப் ஒயிட்டும் சாம்பல் தரையும் சேர்ந்தால் வீடு ஆபீஸ் மாதிரி ஆகிவிடுகிறது.

மரம் எளிது. தேக்கு நிலை, தேக்குக் கதவு, பாலிஷ் போட்டது என்றால் ஐவரியோடு ஒட்டிப்போகும், ஆஃப் ஒயிட்டில் எடுப்பாகத் தெரியும். இரண்டும் நன்றாகவே இருக்கும்.

யாரும் யோசிக்காத இடம் சுவிட்ச் போர்டு. இப்போதைய மாடுலர் பிளேட் எல்லாம் சுத்த வெள்ளை. யு.பி.வி.சி. ஜன்னலும் பெரும்பாலும் அப்படியே. அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் ஐவரி வந்தால் "இது வேறு நிறம், வேண்டுமென்றே அடித்திருக்கிறார்கள்" என்று பார்த்ததுமே புரியும். ஆஃப் ஒயிட் வந்தால், வெள்ளை அடித்து அழுக்கானது போல ஒரு சந்தேகம் தோன்றும். குறிப்பாகச் சாம்பல் அதிகமுள்ள ஆஃப் ஒயிட்டுகளில். எங்கள் அப்பா காலத்து வீடுகளில் ஃபேன் இறக்கைகூட ஐவரியில்தான் இருந்தது, சண்டை வர வழியே இல்லை. இப்போது ஆஃப் ஒயிட் எடுப்பவர்கள் சீலிங்கையும் அதே நிறத்தில் அடித்துவிடலாம். வெள்ளையோடு ஒப்பிட ஒரு பெரிய பரப்பு குறைந்துவிடும், அறையும் கொஞ்சம் உயரமாகத் தெரியும். ஐவரிச் சுவருக்கு மேலே வெள்ளை சீலிங்தான் வழக்கம். ஆனால் அந்த இரண்டும் சேரும் கோடு நேராக இருக்க வேண்டும். பெயிண்டர் பிரஷ் பிடித்த கை எங்கே நடுங்கியதோ அது ஐவரியில் அப்படியே தெரியும். மாஸ்கிங் டேப் ஒட்டி அடிக்கச் சொல்லுங்கள், "நான் கையாலேயே நேரா அடிச்சிடுவேன்" என்று அண்ணன் எவ்வளவு சொன்னாலும்.

அழுக்கு தாங்குவதில் இரண்டும் ஆளுக்கொரு பக்கம். சோபாவுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில், தேங்காய் எண்ணெய்த் தலை சாய்ந்து சாய்ந்து விழும் அந்த மஞ்சள் பழுப்பு வட்டம் ஐவரியில் சீக்கிரம் கண்ணில் படாது, ஆஃப் ஒயிட்டில் உடனே தெரியும். சுவிட்சைச் சுற்றி விழும் கைக்கறையும் அப்படித்தான். ஆனால் ஃபேனுக்கு மேலே படியும் தூசு, ஒட்டடை, ரோட்டோர வீட்டில் ஜன்னல் வழியாக வரும் கரிப்புகை, இவை சாம்பல் நிறம். அவற்றை ஆஃப் ஒயிட் மறைக்கும், ஐவரி காட்டிக்கொடுக்கும். பூஜை அறையில் விளக்குப் புகையும் சாம்பிராணியும் சேர்ந்தால் எந்த வெளிர் நிறமும் நிற்காது. அங்கே லேசான பளபளப்போடு, துடைக்கக்கூடியதாக இருக்கும் ஷீன் எமல்ஷன் அடிப்பதுதான் வழி. குழந்தைகள் இருக்கும் வீட்டிலும் மேட் ஃபினிஷைவிட லேசான ஷீன் நல்லது. ஒரு எச்சரிக்கை: பட்டி சரியாகத் தேய்க்காத சுவரில் ஷீன் அடித்தால் மேடுபள்ளம் முழுக்கத் தெரியும். டியூப்லைட் சுவரை ஒட்டி மாட்டியிருந்தால் இன்னும் மோசம்.

கதவு, கிரில்லுக்கு அடிக்கும் எண்ணெய் எனாமல் பற்றி ஒரு வார்த்தை. அது வெளிச்சம் படாத இடத்தில் நாளாக நாளாகத் தானே மஞ்சளாகும். இன்று ஆஃப் ஒயிட் எனாமல் அடித்த அலமாரியின் உள்பக்கம் சில வருஷத்தில் ஐவரி ஆகிவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் எமல்ஷனுக்கு அந்தக் குணம் இல்லை. சுவரையும் கதவையும் ஒரே நிறத்தில் கேட்பவர்கள், இரண்டும் ஒன்றாக வயதாகாது என்று தெரிந்துதான் கேட்க வேண்டும். எனாமலிலேயே போவதாக இருந்தால் ஐவரி எடுங்கள், மஞ்சளானாலும் வெளியே தெரியாது.

பழைய சுவரில் அடர் நிறம் இருந்தால் இரண்டுமே திணறும். ரோலரை ஓட்டி முடித்த மறுநாள், பழைய நீலம் உள்ளிருந்து எட்டிப்பார்க்கும். மூன்றாவது கோட் எமல்ஷன் வாங்குவதற்குப் பதில் முதலிலேயே வெள்ளை பிரைமர் ஒரு கோட் அடித்துவிடுவது மலிவு. புதுப் பூச்சு என்றால் சிமென்ட் நன்றாக ஆறிக் காய ஒரு மாதமாவது விட வேண்டும். அவசரப்பட்டு அடித்தால் உப்புப் பூத்துத் திட்டுத் திட்டாக வரும். அந்த வெள்ளைத் திட்டு ஐவரி மேல் பளிச்சென்று தெரியும்.

எவ்வளவு வாங்குவது? பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல், அலமாரி கழித்தால் 370, 380 வரும். நல்ல எமல்ஷன் ஒரு லிட்டருக்கு இரண்டு கோட்டில் சுமார் 120 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. நான்கு லிட்டர் டப்பாவாக வாங்கிவிடுங்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளிர் நிறத்துக்கு மெஷின் விடும் கலர் ஒரு லிட்டருக்குச் சில துளிகள்தான். அதில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் சாயல் மாறிவிடும். பற்றாமல் போய் அடுத்த வாரம் இன்னொரு லிட்டர் கலக்கினால் அதே ஷேடு எண்ணைப் போட்டாலும் சுவரில் இரண்டு நிறம் தெரிய வாய்ப்பு உண்டு. பெரிய ஹாலுக்கு இரண்டு டப்பா வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். ஆஃப் ஒயிட்டில் இந்த ஜாக்கிரதை இன்னும் வேண்டும், அதில் கலரே அவ்வளவு குறைவு.

ஒரே வீட்டில் ஹாலுக்கு ஐவரி, பெட்ரூமுக்கு ஆஃப் ஒயிட் என்று பிரிக்கலாமா என்று கேட்பார்கள். ஹாலில் உட்கார்ந்தால் பெட்ரூம் சுவர் கண்ணில் படாது என்றால் தாராளமாக. வாசல் வழியே இரண்டும் சேர்ந்து தெரியும் என்றால் வேண்டாம். இவ்வளவு கிட்டத்தில் இருக்கும் இரண்டு நிறம் பக்கத்தில் வந்தால், பெயிண்ட் தீர்ந்துபோய் மிச்சத்துக்கு வேறு வாங்கியது மாதிரி இருக்கும்.

என்னைக் கேட்டால் ஐவரி டைல்ஸும் நல்ல வெளிச்சமும் உள்ள ஃபிளாட்டுக்கு ஆஃப் ஒயிட், 4000 பல்போடு. ஷாஃப்ட்டைப் பார்த்த ஜன்னல், பகலிலும் டியூப்லைட் எரியும் உள் அறை, சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு இடம் என்றால் ஐவரி, அதுவும் வெளுப்பான ஐவரி. வாடகைக்கு விடும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம், மெஷினில் கலக்காத ரெடிமேட் ஐவரி. எந்தக் கடையிலும் கிடைக்கும், குடித்தனம் மாறும்போது அதே டப்பாவை வாங்கி ஒரு கோட் ஓட்டிவிடலாம்.

மெஷின் ஷேடு என்றால் டப்பா மூடியில் ஒட்டித் தரும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கம்பெனி, ஷேடு எண், பேஸ், ஃபினிஷ் நான்கையும் லாஃப்டின் உள்சுவரில் பென்சிலால் எழுதி வையுங்கள். மிச்சப் பெயிண்ட்டைப் பெரிய டப்பாவில் பாதி காலியாக விடாமல், சின்ன பாட்டிலில் கழுத்து வரை ஊற்றி இறுக மூடினால் டச்சப்புக்கு உதவும். ஆனால் நாலு வருஷம் ஆன சுவரில் அந்தப் பெயிண்ட்டே புதுசாகத் தெரியும். அப்போது கறை உள்ள இடத்தில் மட்டும் தொடாமல், இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அந்த ஒரு சுவரை முழுதாக அடித்துவிடுங்கள்.